ரீகால் நிலுவையில் இருக்கும் காரை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பது: எந்த வழி தேவலை?

போன வருடம் அக்கா தன் பழைய காரை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டுப் புதுசு எடுக்கக் கிளம்பினாள். ஷோரூமில் விலை பேசி, முன்பணம் கட்டி, டெலிவரிக்கு நல்ல நாள்கூடக் குறித்தாயிற்று. அதற்கப்புறம்தான் எதேச்சையாக அந்தப் பழைய காரின் சேசிஸ் நம்பரைக் கம்பெனி தளத்தில் போட்டுப் பார்த்தோம். ஃப்யூல் பம்ப்பை மாற்ற வேண்டும், ஓட்டத்திலேயே என்ஜின் நின்றுபோக வாய்ப்பிருக்கிறது என்று ஒரு ரீகால் (குறையுள்ள காரைக் கம்பெனியே திரும்ப அழைத்து இலவசமாகச் சரிசெய்து கொடுப்பது) பல மாதமாக நிலுவையில் கிடந்தது. கடிதம் வந்திருந்தால் அது வேளச்சேரியில் காலி பண்ணிய பழைய வாடகை வீட்டுக்குத்தான் போயிருக்கும். காரை நேரில் வந்து ஒரு மணி நேரம் சோதித்து விலை போட்டவர் ரீகால் பற்றி வாயே திறக்கவில்லை. வேண்டுமென்றே மறைத்தார் என்று சொல்ல மாட்டேன். பெயின்ட், டயர், கிலோமீட்டர், இன்சூரன்ஸ் கிளெய்ம், எத்தனையாவது ஓனர், இதெல்லாம் அவருடைய படிவத்தில் இருந்தன. ரீகாலுக்கு அதில் கட்டமே இல்லை.

அன்றிலிருந்து இதே நிலையில் இருக்கும் சிலருக்கு வழி சொல்ல வேண்டி வந்தது. ஒவ்வொருவரும் கேட்பது ஒன்றுதான்: அப்படியே கொடுத்துவிடலாமா, சரிசெய்துவிட்டுக் கொடுக்கலாமா, கொடுப்பதென்றால் யாரிடம்?

முதலில், எல்லா ரீகாலும் ஒரே எடை இல்லை. 2021 செப்டம்பரில் மாருதி சியாஸ், எர்டிகா, விட்டாரா பிரெஸ்ஸா, எஸ்-கிராஸ், எக்ஸ்.எல்.6 பெட்ரோல் கார்களில் 1,81,754-ஐத் திரும்ப அழைத்தபோது, மோட்டார் ஜெனரேட்டர் யூனிட் என்ற மின் பாகத்தை மாற்றும்வரை தண்ணீர் தேங்கிய இடங்களில் ஓட்டாதீர்கள் என்று சொன்னது. மழைக்காலத்தில் சென்னையில் அப்படி ஒரு காரை வைத்துக்கொண்டு எங்கே போவது? 2024 அக்டோபரில் ஹோண்டா 90,468 கார்களை அழைத்ததற்குக் காரணம் ஃப்யூல் பம்ப்பில் இருக்கும் இம்பெல்லர், அதாவது உள்ளே சுழன்று எரிபொருளைத் தள்ளும் சக்கரம். எல்லாவற்றையும்விட மோசமானது தகாட்டா என்ற ஜப்பான் கம்பெனி செய்த ஏர்பேக். அதில் வாயுவை உண்டாக்க வைத்த அமோனியம் நைட்ரேட், வருடக்கணக்கில் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் கிடந்து கெட்டுப்போய், மோதலின்போது உலோகக் கூட்டையே உடைத்துச் சில்லுகளை முகத்தில் அடிக்கும். அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாதிரியான சூடும் ஈரமும் உள்ள பகுதிகளுக்கு அதனால்தான் முதலில் மாற்றிக் கொடுத்தார்கள். நம் கடற்கரை ஊர்களின் வெயிலையும் புழுக்கத்தையும் நினைத்துப் பாருங்கள். நிலுவையில் இருப்பது ஏர்பேக், பிரேக், ஸ்டீரிங், எரிபொருள், தீ சம்பந்தப்பட்டது என்றால் கீழே படிப்பது முழுதாகப் பொருந்தும். வெறும் சாஃப்ட்வேர் அப்டேட் என்றால் இவ்வளவு யோசிக்க வேண்டாம்.

இப்போது வழிகளுக்கு வருவோம்.

கையில் பணம் சீக்கிரம் வருவது கார் கன்சல்டிங்கிலும் (பழைய கார் வாங்கி விற்கும் கடை) ஆன்லைனில் கார் வாங்கும் கம்பெனிகளிலும். அக்கா காருக்கு ஷோரூம் சொன்னது 3,85,000, கன்சல்டிங்கில் சொன்னது 4,10,000. ரீகால் இருக்கிறது என்று நாங்களே சொன்ன பிறகும் கன்சல்டிங்காரர் விலையை ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை, "அதெல்லாம் வாங்குறவங்க பார்த்துப்பாங்க சார்" என்றார். எனக்கு அங்கேதான் நெருடியது. வாங்குகிறவருக்குத் தெரிந்தால்தானே பார்த்துக்கொள்வார்? கம்பெனியின் கணக்கில் இருப்பது முதல் ஓனரின் முகவரியும் போன் நம்பரும். ஆர்.சி.யில் பெயர் மாறினால் அது கம்பெனிக்குத் தானாகப் போய்ச் சேரும் என்று நம்பி உட்கார முடியாது. ஆக அந்த ரீகால் செய்தி உங்கள் போனுக்கே வந்துகொண்டிருக்கும், காரை ஓட்டுகிறவர் ஒன்றும் தெரியாமல் பைபாஸில் போய்க்கொண்டிருப்பார்.

இந்த வழியில் இன்னொரு சிக்கல் பெயர் மாற்றம். பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30-இல் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அடுத்த ஆள் கிடைக்கும்வரை ஆர்.சி.யை மாற்றாமல் வைத்திருக்கிற கன்சல்டிங்குகள் இன்னும் இருக்கின்றன. 2018-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவாகவே சொல்லிவிட்டது: கார் கை மாறிப் போயிருந்தாலும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கு அவர்தான் பொறுப்பு. பழுது இருப்பது தெரிந்த காரை, நம் பெயரிலேயே, முன்பின் தெரியாத ஒருவர் ஓட்ட விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. 2023 ஏப்ரல் 1 முதல் பழைய கார் டீலர்கள் ஆர்.டி.ஓ. அங்கீகாரம் பெறும் முறை வந்திருக்கிறது. அப்படி அங்கீகாரம் உள்ளவரிடம் கொடுத்து, ஒப்படைத்த தகவலை அன்றே அரசு போர்ட்டலில் ஏற்றச் சொன்னால் இந்த ஒரு கவலை குறையும். ரீகால் கவலை அப்படியேதான் இருக்கும்.

அடுத்தது வேறு பிராண்டு ஷோரூமில் எக்ஸ்சேஞ்ச். அக்கா முதலில் பேசி வைத்தது இதுதான். எக்ஸ்சேஞ்ச் போனஸ் 25,000 சேர்ந்ததும் கன்சல்டிங் விலைக்குச் சமமாகிவிட்டது, காகித வேலையையும் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள், பழையதை விட்டுவிட்டுப் புதியதில் வீட்டுக்கு வந்துவிடலாம். சௌகரியம்தான். ஆனால் இன்னொரு கம்பெனி காரின் ரீகால் வேலையை அவர்களால் செய்யவே முடியாது, அந்தக் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் மட்டும்தான் செய்ய முடியும். இப்படி வரும் வேற்று பிராண்டு கார்களைப் பெரும்பாலும் புரோக்கர்களுக்கு மொத்தமாகத் தள்ளிவிடுகிறார்கள். ஆக, ஏ.சி. அறையில் காபி குடித்துக்கொண்டு கொடுத்தாலும் கார் போய்ச் சேருவது அதே கன்சல்டிங் வாசலில்தான்.

அதே பிராண்டு ஷோரூமில் கொடுத்தால் நிலைமை நிஜமாகவே வேறு. பின்பக்கமே சர்வீஸ் சென்டர், பாகத்துக்கு ஆர்டர் போடுவது அவர்கள், செய்த வேலைக்கான பணத்தைக் கம்பெனியிடம் வாங்கிக்கொள்வதும் அவர்கள். ரீகால் வேலையை முடிக்காமல் விற்க அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை. குறை என்றால், அதே பிராண்டிலேயே புதுக் காரும் எடுக்க வேண்டும், ரீகாலைப் பார்த்து வெறுத்துப்போனவருக்கு அது பிடிக்காது. விலையிலும் பத்து இருபதாயிரம் கீழே நிற்பார்கள். இங்கே கொடுப்பதாக இருந்தால் "செஞ்சிடுவோம் சார்" என்ற வாய்வார்த்தை போதாது. ஒப்படைக்கும் சீட்டிலேயே ரீகால் நிலுவையில் இருக்கிறது என்று எழுதி, சேசிஸ் நம்பரோடு கையெழுத்து வாங்குங்கள்.

நேரடியாகத் தெரிந்தவருக்கு விற்பது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விலை அதிகம் கிடைக்கும், அலைச்சலும் அதிகம், வாங்குகிறவர் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும்.

கடைசி வழி, ரீகால் வேலையை நாமே முடித்துவிட்டு அப்புறம் மேலே சொன்ன எவரிடமாவது கொடுப்பது. என் ஓட்டு இதற்குத்தான், ஏனென்றால் இதில் போவது நேரம் மட்டும். பாகமும் கூலியும் இலவசம், வாரன்டி முடிந்திருந்தாலும் இலவசம். நான் தெரு முனை மெக்கானிக்கிடம்தானே சர்வீஸ் விடுகிறேன், கம்பெனியில் செய்து கொடுப்பார்களா என்று பலர் தயங்குகிறார்கள். செய்து கொடுப்பார்கள், அதற்கும் ரீகாலுக்கும் சம்பந்தம் இல்லை. போன இடத்தில் வீல் அலைன்மென்ட், ஏ.சி. கிளீனிங் என்று பட்டியல் நீட்டுவார்கள். விற்கப்போகிற காருக்கு எதற்கு? ரீகால் வேலை மட்டும் போதும் என்று ஜாப் கார்டிலேயே (செய்யும் வேலையை சர்வீஸ் சென்டர் எழுதும் சீட்டு) எழுதச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: வேலையை முடித்துவிட்டுப் போனதால் எந்த டீலரும் விலையை ஏற்றித் தரவில்லை. பணத்துக்காக இதைச் செய்யாதீர்கள்.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது என்று கேட்கலாம். 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 110ஏ பிரிவின்படி, ஆபத்தான குறை உள்ள வாகனங்களைத் திரும்ப அழைக்கச் சொல்லி அரசே உத்தரவிடலாம், விதிகள் 2021 ஏப்ரலில் அமலுக்கு வந்தன. ஆனால் அது தயாரிப்பவருக்கும் இறக்குமதி செய்பவருக்கும் போட்ட கட்டளை. பழைய காரை வாங்கி விற்கிறவர் ரீகாலை முடித்துத்தான் விற்க வேண்டும் என்று அதில் இல்லை. அமெரிக்காவிலும் இதே ஓட்டை உண்டு. ரீகால் வேலையை முடிக்காத புதுக் காரை டீலர் விற்கக்கூடாது, பழைய காருக்கு அப்படி ஒரு மத்தியச் சட்டம் கிடையாது. வாடகைக் கார்களுக்கு மட்டும் 2016-இல் தடை வந்தது, அதுவும் 2004-இல் கலிஃபோர்னியாவில் ரீகால் முடிக்காத வாடகைக் கார் ஒன்று தீப்பிடித்து மோதி இரண்டு இளம் சகோதரிகள் இறந்து, அவர்களுடைய அம்மா வருடக்கணக்கில் போராடிய பிறகு. அந்தப் பெண்களுக்கும் தாங்கள் ஓட்டும் காரில் ரீகால் இருப்பது தெரியாது.

பாகம் இல்லை, இரண்டு மாதம் ஆகும் என்று சொன்னால்? இது அடிக்கடி நடக்கிறது. ஏர்பேக் அல்லது தீ சம்பந்தப்பட்டது என்றால் காரை ஓரமாக நிறுத்திவிட்டுக் காத்திருப்பதுதான் என் அபிப்பிராயம். எழுத்தில் பதிவு பண்ணி, பாகம் வந்ததும் கூப்பிடச் சொல்லிவிட்டு, புதுக் காரைத் தனியாக எடுங்கள், போனஸை விடாமல் இருக்கப் பழைய காரைக் கொடுக்க எத்தனை நாள் அவகாசம் என்று டீலரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அவ்வளவு நாள் தள்ள முடியாதவர்களுக்கு அதே பிராண்டு ஷோரூம்தான் மிச்சம்.

சேசிஸ் நம்பர் ஆர்.சி.யிலேயே இருக்கும், மொத்தம் 17 எழுத்தும் எண்ணும். பல மாருதி கார்களில் எம்.ஏ.3 என்று தொடங்கும், ஹூண்டாய்க்கு எம்.ஏ.எல்., ஹோண்டாவுக்கு எம்.ஏ.கே. ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகளும் அதில் வராது. எனவே ஓ மாதிரித் தெரிவது பூஜ்யம்தான், அதை மாற்றிப் போட்டுவிட்டு ரீகால் இல்லை என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள்.

அக்கா டெலிவரியை ஒன்பது நாள் தள்ளிப்போட்டாள். மாமா குறித்த நல்ல நாள் போயிற்று, வீட்டில் கொஞ்சம் முணுமுணுப்பும் இருந்தது. பம்ப் மாற்ற அரை நாள்கூட ஆகவில்லை, மீதி எட்டு நாளும் பாகம் வரக் காத்திருந்ததுதான். ஜாப் கார்டை ஜெராக்ஸ் எடுத்து ஒன்றை ஆர்.சி. கவரில் வைத்தாள், ஒன்றை டேஷ்போர்டில் இருந்த ஓனர்ஸ் மேனுவலுக்குள் மடித்து வைத்துவிட்டுச் சாவியைக் கொடுத்தாள்.