துபாயில் ஒரு திர்ஹாம் படகு

திருச்சியிலிருந்து நேர் விமானம் இருப்பதால், எங்கள் மன்னார்குடிப் பக்கத்தில் துபாய் என்றாலே வேலைக்குப் போகிற ஊர்தான். முதுகுப்பையோடு சும்மா சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்றதும், "அவ்வளவு தூரம் போயி வேலை தேடாம வருவியாடா?" என்றார் சித்தப்பா.

துபாயின் பழைய பகுதியான தேரா பக்கம் தங்கிய விடுதி சுமார். அடுக்குக் கட்டில், பெட்டிக்குப் பூட்டு கேட்டால் தனிக் காசு. சரி, தூங்கத்தானே!

மெட்ரோ அருமை. 2009-இல் தொடங்கியது, ஓட்டுநரே கிடையாது. 20 திர்ஹாம் நாள் பாஸ் எடுத்தால் இஷ்டத்துக்கு ஏறி இறங்கலாம். ஆனால் உள்ளே புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்துவிடாதீர்கள், 100 திர்ஹாம் அபராதம். 828 மீட்டர் புர்ஜ் கலீஃபாவைக் கீழே நின்று அண்ணாந்து பார்த்ததோடு சரி. மேலே ஏறும் டிக்கெட் விலைக்கு இரண்டு நாள் சாப்பிடலாம்.

எனக்குப் பிடித்தது அப்ரா என்கிற மரப்படகுதான். தேராவிலிருந்து எதிர்க்கரை பர் துபாய்க்கு, ஊருக்குள் நுழையும் கடல் கழியைக் கடக்க ஒரே ஒரு திர்ஹாம். நடுவில் நீளப் பலகை, முதுகோடு முதுகு சாய்த்து உட்கார வேண்டும். நடுப்பள்ளத்தில் நிற்கும் படகுக்காரர் ஒரு கையால் காசு வாங்கிக்கொண்டே சுக்கானைத் திருப்புகிறார். கம்பித் தடுப்பெல்லாம் இல்லை. டீசல் வாடையும் உப்புக் காற்றும் முகத்தில் அடிக்கும். நான் வேண்டுமென்றே திரும்பத் திரும்பப் போனேன். சில்லறை அவசியம்.

மே முதல் செப்டம்பர் வரை வெயில் கொளுத்தும், துபாய்ப் பக்கமே போகாதீர்கள். மார்கழியில் கிளம்பினால் தை அறுவடைக்குத் திரும்பிவிடலாம்.