குழந்தைங்க வார்டு சிஸ்டர்ஸுக்காக இந்த ரிவ்யூ

என் பையனுக்கு அஞ்சு வயசு, போன மாசம் டெங்குன்னு இங்க ஆறு நாள் அட்மிட் பண்ணிருந்தோம். டாக்டர பத்தி எல்லாரும் எழுதிட்டாங்க, நான் மூணாவது மாடி குழந்தைங்க வார்டு சிஸ்டர்ஸ பத்தி மட்டும் எழுதுறேன்.

இதுக்கு முன்னாடி வேற ஒரு எடத்துல பிளட் எடுக்கும்போது "வலிக்கவே வலிக்காதுடா கண்ணா"ன்னு சொல்லிட்டு நாலு பேர் அமுக்கி புடிச்சு குத்துனாங்க, என்னைய வெளிய அனுப்பிட்டாங்க, அன்னையிலேர்ந்து வெள்ளை டிரஸ்ல யார பாத்தாலும் அலறுவான். இங்க சிஸ்டர் மொதல்ல, டிரிப்ஸ் ஏத்த கையில போடுற வென்ஃப்ளான்ல ஊசிய கழட்டிட்டு பிளாஸ்டிக் குழாய மட்டும் அவன் கையில குடுத்து தொட்டு பாக்க விட்டாங்க. "சுருக்குன்னு வலிக்கும் தம்பி, அழணும்னா அழுதுக்கோ, கைய மட்டும் ஆட்டாத"ன்னு உள்ளத சொன்னாங்க. என் மடியில ஒக்கார வச்சு நெஞ்சோட சாச்சு புடிச்சுக்க சொன்னாங்க. அழுதான், ஆனா கைய ஆட்டல. மறுநாள் பிளட் எடுக்க வந்தப்ப அவனே கைய நீட்டுனான், எனக்கு கண்ணு கலங்கிருச்சு.

காய்ச்சல் விட்ட அன்னைக்கு வீட்டுக்கு கெளம்பலாம்னே எங்க அத்தை சொல்லிட்டாங்க. சிஸ்டர் பக்கத்துல வந்து ஒக்காந்து, "பாட்டிம்மா, டெங்குல காய்ச்சல் விடுற நேரந்தான் நாங்க உஷாரா இருக்கணும், ரத்தக்குழாயிலேர்ந்து தண்ணி வெளிய கசிஞ்சு பிரஷர் எறங்கிரும்"னு பொறுமையா புரிய வச்சாங்க. அன்னைக்கு ராத்திரி பூரா மணிக்கு ஒரு தடவ வந்து பல்ஸ், குழந்தைங்களுக்குன்னு இருக்குற சின்ன பட்டிய சுத்தி பிபி, அப்பறம் நகத்த அமுக்கி விட்டு ரெண்டு செகண்டுக்குள்ள செவப்பு திரும்புதான்னு பாத்தாங்க, டிரிப்ஸ் போற எடம் வீங்கிருக்கான்னு தடவி பாக்காம ஒரு தடவ கூட போகல. யூரின் எவ்ளோ போறான்னு அளந்து எழுத என்கிட்டயே ஒரு பேப்பர் குடுத்தாங்க. வயித்து வலி, விடாம வாந்தி, ஈறுல ரத்தம், எழுப்புனாலும் சோந்து படுத்துக்குறது, இதுல எது வந்தாலும் ஒடனே கூப்புடுங்கன்னு சொன்னாங்க. அதுவரைக்கும் பயந்துபோய் மூலையில ஒக்காந்திருந்த எனக்கு புள்ளைக்கு ஏதோ செய்றோம்ங்கிற தெம்பு வந்துச்சு.

மருந்து ஒவ்வொரு தடவையும் பேர கேட்டு கையில இருக்குற பட்டையயும் பாத்துட்டுதான் குடுப்பாங்க. பாராசிட்டமால் வயச வச்சு இல்ல, எடைய வச்சுதான். வீட்டுல இருந்த ஐப்யூப்ரோஃபென் சிரப் குடுக்கலாமான்னு கேட்டேன், டெங்குல ரத்தக்கசிவு ஆகும் குடுக்கவே கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டாங்க. எவ்ளோ வலிக்குதுன்னு அவனுக்கு சொல்ல தெரியாம முழிச்சப்ப ஆறு மூஞ்சி வரஞ்ச அட்டைய காட்டி எந்த மூஞ்சி மாதிரி இருக்குன்னு கேட்டாங்க, அழுற மூஞ்சிக்கு முந்துனத தொட்டு காட்டுனான்.

நாலு ஸ்டார்தான் குடுக்குறேன். கொறச்ச ஒரு ஸ்டார் சிஸ்டர்ஸுக்கு இல்ல, நிர்வாகத்துக்கு. ராத்திரி அத்தன பெட்டுக்கும் ரெண்டே பேர், ஒரு நாள் டிரிப்ஸ் தீந்து பெல் அடிச்சு இருபது நிமிஷம் கழிச்சுதான் ஓடி வந்தாங்க, வந்ததும் அவங்கதான் சாரி கேக்குறாங்க. தயவுசெஞ்சு நைட் டியூட்டிக்கு இன்னும் ஆள் போடுங்க.