வண்டியா, இயந்திரமா? டிராக்டர் வைத்திருக்கும் நில உரிமையாளருக்கான பொறுப்புக் காப்பீடு: மூன்று ஆண்டு அனுபவம்

என் ஆறு ஏக்கர் நிலத்துக்கும் அதில் ஓடும் டிராக்டருக்கும் சேர்த்து மூன்று ஆண்டுகளாக ஒரு பொறுப்புக் காப்பீடு வைத்திருக்கிறேன். ஒருமுறை இழப்பீடு கோர நேர்ந்தது. தாமதமாக வந்தாலும் வந்து சேர்ந்தது. நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. இந்த வகைப் பாலிசியைப் பல நிறுவனங்கள் விற்கின்றன, வாசகத்தில்தான் வேறுபாடு. அந்த வாசகத்தைப் பற்றியே சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஒரு தெளிவு. இது டிராக்டருக்கான காப்பீடு அல்ல. டிராக்டர் எரிந்துபோனாலும் திருடு போனாலும் இந்தப் பாலிசியிலிருந்து எதுவும் வராது. என் டிராக்டரால், அல்லது என் நிலத்தில் இருக்கும் ஏதோ ஒன்றால், வேறொருவரின் உடலுக்கோ உடைமைக்கோ தீங்கு நேர்ந்து, அதற்கு நான் சட்டப்படி பொறுப்பாளி என்றானால் அந்தத் தொகையை நிறுவனம் தரும். வழக்கு வந்தால் வழக்கறிஞரையும் அமர்த்தித் தரும். அவ்வளவுதான் இதன் வேலை. ஆனால் ஒரு குடும்பத்தின் நிலத்தையே விற்கவைக்கக்கூடிய செலவு இந்த இடத்தில்தான் காத்திருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

நான் ஏன் இதைத் தேடிப் போனேன் என்பதையும் சொல்ல வேண்டும். அப்பா விட்டுச்சென்ற நிலத்தின் நடுவே ஒரு பொதுப்பாதை போகிறது. ஒரு மாலை அந்தப் பாதையைத் தாண்டி டிராக்டரைப் பின்னோக்கி எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து நிலத்துக்காரரின் பத்து வயது மகன், எனக்குத் தெரியாமல், பின்னால் இணைத்திருந்த டிரெய்லரின் இழுவைக் கம்பியில் ஏறி நின்றிருக்கிறான். அவன் அப்பா கத்திய கத்தலில் பிரேக்கை மிதித்தேன். பையன் குதித்து ஓடிவிட்டான்; ஒரு கீறல்கூட இல்லை. நான் வீட்டுக்கு வந்து இரவு முழுவதும் உட்கார்ந்தே இருந்தேன்.

மறுநாள் என்னிடம் இருந்த இரண்டு பாலிசிகளையும் எடுத்து வரி வரியாகப் படித்தேன். முப்பது ஆண்டு கணக்கு ஆசிரியையாக இருந்தவள் நான். ஒரு சொல்லின் வரையறை மாறினால் விடையே மாறும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள். வீட்டுக் காப்பீட்டில் மூன்றாம் நபர் பொறுப்பு உண்டு. ஆனால் விலக்குப் பகுதியில் ‘மோட்டார் வாகனங்களால் ஏற்படும் தீங்கு’ என்று ஒரு வரி இருந்தது. சரி, டிராக்டருக்கென்று தனியாக எடுத்த வாகனக் காப்பீடு பார்த்துக்கொள்ளும் என்று அதைப் புரட்டினேன். அங்கே, ‘வாகனம் பணிக்கருவியாகப் பயன்படுத்தப்படும்போது’ ஏற்படும் தீங்கு விலக்கப்பட்டிருந்தது. ஒரு தாள் அதை வண்டி என்று சொல்லிக் கைவிடுகிறது. மற்றொரு தாள் அதே டிராக்டரை இயந்திரம் என்று சொல்லிக் கைவிடுகிறது. பள்ளம் தோண்டும்போதோ புல் வெட்டும்போதோ விபத்து நடந்தால் இரண்டுக்கும் இடையில் நான் தனியாக நிற்பேன். இரண்டுக்கும் தவறாமல் பிரீமியம் கட்டிவந்திருக்கிறேன் என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

இது என் ஒருத்தியின் குழப்பம் அல்ல என்பது பிறகு படித்தபோது தெரிந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றமே இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியிருக்கிறது. ஸ்லோவேனியாவில் 2007 ஆகஸ்டில் ஒரு பண்ணையில் வைக்கோல் கட்டுகளைப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். டிரெய்லரோடு பின்னோக்கி வந்த டிராக்டர் ஏணியில் இடித்தது. ஏணியில் நின்றவர் விழுந்தார். பண்ணை முற்றத்தில் நடந்தது போக்குவரத்து விபத்தாகுமா என்ற கேள்வி எழுந்தது. வாகனம் தன் இயல்பான பயன்பாட்டுக்கு ஏற்ப ஓடியிருந்தால் கட்டாய வாகனக் காப்பீடு அதற்கும் பொருந்தும் என்று 2014 இல் லக்சம்பர்க்கில் உள்ள அந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மூன்று ஆண்டு கழித்து, 2017 இல், போர்ச்சுகலிலிருந்து வந்த வழக்கில் நிலைமை வேறு. அங்கே டிராக்டர் நின்ற இடத்தில் நின்று, மருந்து தெளிக்கும் பம்பை இயக்கிக்கொண்டிருந்தது. மண் சரிந்து டிராக்டர் கீழே விழுந்ததில் திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்த பெண் இறந்துபோனார். அந்த நேரத்தில் அதன் முதன்மை வேலை பம்புக்கு விசை தருவது, ஆகவே அது ‘வாகனப் பயன்பாடு’ ஆகாது என்றது அதே நீதிமன்றம். 2021 இல் ஐரோப்பிய ஒன்றியம் தன் சட்டத்தையே திருத்தி, விபத்து நேரத்தில் போக்குவரத்துச் சாதனமாகப் பயன்பட்டதா என்பதை அளவுகோலாக எழுதிவைத்தது. நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். ஆனால் ஓடினால் ஒரு நியாயம், நின்று வேலை செய்தால் ஒரு நியாயம் என்ற பிளவு டிராக்டர் வைத்திருக்கும் எல்லோருக்கும் பொதுவானது. இறந்துபோன அந்தப் பெண்ணுக்கு அந்த வேறுபாட்டால் என்ன பயன் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

நான் எடுத்த பாலிசியின் முதல் சிறப்பு, இந்தப் பிளவை அது நேராக எதிர்கொள்வது. ‘காப்பீட்டில் உள்ள நிலத்திலும் அதை ஒட்டிய பாதைகளிலும், நகரும்போதும் நிற்கும்போதும், இணைக்கப்பட்ட கருவியை இயக்கும்போதும்’ என்று ஒரே வாக்கியத்தில் எழுதியிருக்கிறார்கள். பொதுச்சாலையில் ஓட்டுவதற்கு வாகனக் காப்பீடு தனியாக வேண்டும் என்பதையும் அடுத்த வரியிலேயே சொல்லிவிட்டார்கள். அந்த வாக்கியத்தைப் படித்த அன்றே கையெழுத்துப் போட்டேன்.

இரண்டாவது, அவர்கள் ஆளை அனுப்பிப் பார்த்தார்கள். வந்தவர் காகிதத்தை நிரப்பிவிட்டுப் போகிறவர் அல்ல. டிராக்டரின் பின்னால் குனிந்து, எஞ்சினின் விசையை இணைத்த கருவிக்குக் கடத்தும் பி.டி.ஓ. என்ற சுழலும் தண்டைப் பார்த்தார். மேலுறை உடைந்து பாதி தண்டு வெளியே தெரிந்தது. “இது நிமிடத்துக்கு 540 சுற்று. அப்படியென்றால் நொடிக்கு ஒன்பது. துணியைப் பிடித்துவிட்டால் நீங்கள் கையை எடுப்பதற்குள் முடிந்துவிடும் அம்மா,” என்றார். மேலுறையை மாற்றினால்தான் பாலிசி என்று எழுதிவைத்தார். இருக்கைக்குப் பின்னால் கவிழ்வுப் பாதுகாப்புச் சட்டகம் இருக்கிறதா, இருக்கைக் கச்சை (சீட் பெல்ட்) வேலை செய்கிறதா என்றும் சோதித்தார். டிராக்டர் கவிழும்போது ஓட்டுநரை நசுங்கவிடாமல் காப்பது அந்தச் சட்டகம். ஸ்வீடன் 1959 இலேயே புதிய டிராக்டர்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. அப்பா காலத்து டிராக்டரில் அது இல்லை, பொருத்திக்கொண்டேன். காப்பீட்டுக்காகச் செய்தது என்றாலும், இன்று சரிவில் ஏறும்போது முதுகுக்குப் பின்னால் அது நிற்கிறது என்ற நினைப்பே தெம்பாக இருக்கிறது.

இனி, இழப்பீடு கோரிய கதை. இரண்டாம் ஆண்டு, பாதையோரம் முழங்கால் உயரம் வளர்ந்த புல்லை, டிராக்டரில் இணைத்த சுழல் வெட்டி என்ற புல்வெட்டும் கருவியால் வெட்டிக்கொண்டிருந்தேன். புல்லுக்குள் கிடந்த ஒரு கூழாங்கல்லை அந்தக் கருவி அடித்துத் தூக்கியது. ஏறத்தாழ நாற்பது மீட்டர் தள்ளி நின்றிருந்த காரின் பின் கண்ணாடி நொறுங்கியது. உள்ளே ஒரு வயதான அம்மா உட்கார்ந்திருந்தார். நெற்றியில் கண்ணாடித் துண்டு பட்டு மூன்று தையல் போட வேண்டியதாயிற்று. மருத்துவமனைக்கு நானும் போனேன். அவருடைய மகன் கோபத்தில் பேசினார். பேசட்டும், அவருடைய அம்மா அல்லவா.

அன்றிரவே நிறுவனத்துக்குத் தெரிவித்தேன். விபத்து நடந்தால் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும் என்பது நிபந்தனை. பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். இன்னொன்று: “எல்லாம் நான் தருகிறேன்” என்று சம்பவ இடத்திலேயே வாக்குக் கொடுக்கக் கூடாது. நிறுவனத்தின் ஒப்புதலின்றிப் பொறுப்பை ஏற்றுக்கொண்டால் அவர்கள் பின்வாங்க இடம் உண்டு. மனிதத்தன்மைக்கு எதிரான நிபந்தனை என்று அப்போது தோன்றியது. ஆனால் மருத்துவமனைக்குப் போவதையோ மன்னிப்புக் கேட்பதையோ யாரும் தடுக்கவில்லை, தொகையைப் பற்றி மட்டும்தான் பேசக் கூடாது என்று பிறகு புரிந்துகொண்டேன்.

மதிப்பீட்டாளர் நான்கு நாள் கழித்து வந்தார். பாதையோரம் என் பட்டாவுக்குள் வருகிறதா என்ற கேள்வியில் இரண்டு வாரம் போனது. ‘ஒட்டிய பாதைகள்’ என்ற அந்த வாக்கியத்தை அடிக்கோடிட்டு அனுப்பினேன். அதன் பிறகு மறுப்பேதும் வரவில்லை. ஏழாவது வாரம் கண்ணாடிக்கும் மருத்துவச் செலவுக்கும் பணம் நேரடியாக அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. கார் பழுதுபார்க்கும் இடத்தில் இருந்த நாட்களில் அந்த அம்மாவின் மகன் அமர்த்திக்கொண்ட வாடகைக் காருக்கு மட்டும் தர மறுத்தார்கள். உடைமை சேதமானால் அதைப் பயன்படுத்த முடியாமல் போன இழப்பும் சேர்த்தி என்று பாலிசியிலேயே இருக்கிறது என்று எழுதினேன். பதில் வரவில்லை. அந்தத் தொகையை நானே கொடுத்தேன். இந்தப் பாலிசியில் எனக்கு இன்னும் தீராத மனக்குறை அது. தங்கள் வாசகத்தை என்னை மட்டும் மதிக்கச் சொல்கிறவர்கள் தாங்களும் மதிக்க வேண்டும்.

பாலிசிக்குள் அடங்காதவற்றையும் சொல்லாவிட்டால் இந்த மதிப்புரை நேர்மையாகாது. கூலிக்கு வேலை செய்பவர் காயப்பட்டால் இது உதவாது. அதற்குத் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு தனியாக வேண்டும். என்னிடம் வாரத்தில் இரண்டு நாள் ஒருவர் வருகிறார்; அவருக்காக அதையும் எடுத்தேன். தெளிக்கும் களைக்கொல்லி காற்றில் பறந்து அடுத்தவர் பயிரைக் கருக்கினால் மாசு என்ற பெயரில் விலக்கு. பின்கூடு, மட்கார்டு, இழுவைக் கம்பி என்று எங்கே ஆளை ஏற்றினாலும் விலக்கு. ஒருவர் உட்காரத்தான் டிராக்டரில் இருக்கை இருக்கிறது என்பதால் இந்தக் கடைசி விலக்கை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். இரவல் வாங்கிய கருவி என் கையில் இருக்கும்போது உடைந்தாலும் கிடையாது. அது என் பொறுப்பில் இருந்த பொருள் என்பது அவர்கள் வாதம்.

எனக்கே தெரியாமல் நான் மீறிக்கொண்டிருந்த விலக்கு ஒன்றும் இருந்தது. பக்கத்து நிலத்தை உழுதுகொடுத்துவிட்டு டீசல் செலவையும் அதற்கு மேல் கொஞ்சமும் வாங்கிக்கொள்வேன். ஊதியம் பெற்றுச் செய்யும் வேலை தொழிலாகக் கருதப்படும், அதற்குப் பாலிசி பொருந்தாது என்று பதினான்காம் பக்கத்தில் இருந்தது. ஏஜெண்டிடம் கேட்டேன். “யாரும் இதையெல்லாம் கேட்பதில்லை அம்மா, பார்த்துக்கொள்ளலாம்,” என்றார். பார்த்துக்கொள்ளலாம் என்பதை எழுதிக் கொடுங்கள் என்றேன். எழுதித் தரவில்லை; ஆனால் கூடுதல் பிரீமியத்தில் ஒரு பிற்சேர்க்கை உண்டு என்பது அப்போதுதான் வெளியே வந்தது. ஆண்டுக்கு இத்தனை நாள் வரை பிறர் நிலத்தில் வேலை செய்யலாம் என்று அதில் வரம்பு கட்டியிருக்கிறார்கள். என் அனுமதியோடு வேறொருவர் ஓட்டினால் பாதுகாப்பு உண்டு. ஆனால் அவர் தன் சொந்த வேலைக்கு எடுத்துப்போனால் இல்லை. ஆகவே இரவல் கேட்பவர்களிடம் இப்போது நானே ஓட்டி வந்து முடித்துத் தருகிறேன் என்கிறேன். சிலருக்கு வருத்தம்தான்.

எடுக்க நினைப்பவர்கள் உச்சவரம்பைக் கேட்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். அது ஒரு விபத்துக்கா, ஆண்டு முழுவதற்கும் சேர்த்தா? வழக்கறிஞர் செலவு அந்த வரம்புக்குள் கழியுமா, வெளியே தனியா? என்னுடையதில் வெளியே. உள்ளே கழியும் பாலிசியில் வழக்கு நீள நீளக் காயப்பட்டவருக்கு மிஞ்சுவது குறைந்துகொண்டே போகும். விபத்து நடந்த நாளில் பாலிசி உயிரோடு இருந்தால் போதுமா, கோரிக்கை வரும் நாளிலும் இருக்க வேண்டுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். என்னுடையது முதல் வகை. நாளைக்கே டிராக்டரை விற்றுவிட்டாலும், அது ஓடிய காலத்தில் நடந்ததற்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டும்.

இந்த ஆண்டு புதுப்பிக்கும்போது, சுழல் வெட்டியின் முன்னும் பின்னும் கல் தடுக்கும் சங்கிலித் திரை இருக்க வேண்டும் என்று புதிய நிபந்தனை சேர்த்தார்கள். பிரீமியமும் கொஞ்சம் ஏறியது. சங்கிலித் திரையை மறுவாரமே மாட்டிவிட்டேன். வாடகைக் கார் விவகாரத்துக்காக நட்சத்திரம் ஒன்றைக் குறைத்து, ஐந்துக்கு நான்கு தருகிறேன். அந்த அம்மாவின் நெற்றித் தழும்பு மெல்லிய கோடாகிவிட்டது. பாதையோரம் புல் வெட்டும் நாளில் முதல் நாளே அவர் வீட்டுக்குத் தகவல் சொல்லி அனுப்புகிறேன். காரை உள்ளே எடுத்து வைத்துக்கொள்கிறார்கள்.