வலி மாத்திரையா, நோய் மாத்திரையா? எங்கள் வீட்டு இரண்டு மூட்டு நோய்கள்

எங்கள் வீட்டில் அப்பாவுக்கு முழங்கால் முட்டு, அம்மைக்கு விரல். கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கத்துத் தோட்டங்களில் முப்பது வருடம் ரப்பர் பால்வெட்டுக்குப் போனவர் அப்பா. விடியும் முன்பே மேடும் பள்ளமுமாக மரம் மரமாக நடந்து தேய்ந்த முட்டு அது. அம்மைக்கு வந்தது வேறு. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல் மடங்காது. இரண்டு மணிக்கட்டும் சேர்ந்து வீங்கும். அப்பாவுக்குத் தேய்மானம், அம்மைக்கு முடக்குவாதம், அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் மூட்டையே தாக்குவது. இது தெரியாமல் ஒரு வருடம் இரண்டு பேரும் மெடிக்கலில் வாங்கிச் சாப்பிட்டது ஒரே டைக்ளோபினாக் மாத்திரை.

டைக்ளோபினாக், அசிக்ளோபினாக், ஐபுபுரோஃபென் எல்லாம் ஒரே குடும்பம். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வலி இறங்கும், வீக்கமும் குறையும். வலியைக் கூட்டும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உடம்பில் சுரப்பதை இவை தடுக்கின்றன. ஆனால் இரைப்பையின் உள்தோலைக் காப்பதும், சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டத்தைச் சீராக வைப்பதும் அதே பொருள்தான். அதனால்தான் வயிற்றுப் புண், ரத்தக் கசிவு, சிறுநீரகக் கோளாறு. நீண்ட நாள் சாப்பிட்டால் மாரடைப்பு ஆபத்தும் கூடுகிறது. அப்பா பிரஷருக்கு டெல்மிசார்ட்டானும் நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுகிறவர். இந்த இரண்டோடு வலி மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகம் மூன்று பக்கமும் நெருக்கப்படும். அவருக்குக் கணுக்கால் வீங்கியது, சிறுநீரகம் தளர்வதைக் காட்டும் ரத்த அளவான கிரியேட்டினின் ஏறியது. வலி மாத்திரையை நிறுத்தியபின் இறங்கியது. 'கேஸ் மாத்திரை கூடப் போட்டால் போதும்' என்று பலர் நம்புகிறார்கள். அது வயிற்றுக்குத்தான் காவல், சிறுநீரகத்துக்கு இல்லை.

வயிற்றுக்கு இதமானது என்று எட்டோரிகாக்சிப் என்ற வலி மாத்திரையை எழுதித் தருவார்கள். வயிற்றைப் பொறுத்தவரை உண்மைதான். ஆனால் பிரஷரை ஏற்றும். பிரஷர் கட்டுப்படாதவர்கள் தொடக் கூடாது. இதே வகையைச் சேர்ந்த ரோஃபிகாக்சிப் 2004-இல் மாரடைப்பு, பக்கவாத ஆபத்தால் உலகச் சந்தையிலிருந்தே விலக்கப்பட்டது. பாராசிட்டமால் வயிற்றைப் புண்ணாக்காது, ஆனால் தேய்ந்த முட்டுக்கு அதன் பலன் குறைவு. அளவு மீறினால் ஈரல் கெடும், குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு இன்னும் சீக்கிரம்.

அப்பாவுக்கு இப்போது டைக்ளோபினாக் ஜெல். ரத்தத்தில் கலப்பது மாத்திரையோடு பார்த்தால் மிகச் சிறு பங்குதான். முட்டு, விரல் போலத் தோலுக்கு அருகில் இருக்கும் மூட்டுக்கு முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். இடுப்பு மூட்டு ஆழத்தில் இருப்பதால் அங்கே எட்டாது. கூடவே தொடைத் தசைக்கான பயிற்சி. தேய்மானத்தை நிறுத்தும் மாத்திரை இதுவரை எதுவும் இல்லை என்பதால் அந்தப் பயிற்சியை நான் மருந்தாகவே எண்ணுகிறேன்.

அம்மையின் கதைதான் என்னைப் பதற வைத்தது. டைக்ளோபினாக் கேட்காமல் போனதும், ஒரு கடையில் காகிதப் பொட்டலத்தில் பெயரில்லாத மாத்திரைகள் கொடுத்தார்கள். இரண்டே நாளில் விரல் மடங்கியது. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். எட்டு மாதம் கழித்து முகம் உப்பி, சுகர் ஏறியபின்தான் அதில் ஸ்டீராய்டு இருந்தது தெரிந்தது. ஸ்டீராய்டு கெட்ட மருந்து இல்லை. 1948-இல் அமெரிக்காவில் முடக்குவாதத்தால் முடங்கிக் கிடந்த பெண்ணுக்கு கார்டிசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்தபோது சில நாளில் எழுந்து நடந்தார். 1950-இல் அந்த ஆராய்ச்சிக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் நாள் போகப் போக எலும்பு மெலியும், தொற்று எளிதில் பிடிக்கும், கண்புரை வரும். டாக்டர்கள் இதைக் குறைந்த அளவில், குறைந்த நாளுக்கு, முக்கிய மருந்து வேலை செய்யத் தொடங்கும்வரை ஒரு பாலமாகத் தருகிறார்கள். பல வாரம் சாப்பிட்டவர்கள் திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

வலியை மட்டும் அல்ல, நோயையே அடக்கும் அந்த முக்கிய மருந்து மெத்தோட்ரெக்சேட். அம்மை கேட்ட முதல் கேள்வி, "மக்ளே, இது கேன்சருக்குள்ள மருந்தாமே?" ஆமாம், ஆனால் அங்கே கொடுக்கும் அளவு இதைவிடப் பல மடங்கு. மூட்டுக்கு வாரத்தில் ஒரே நாள்தான். தினமும் சாப்பிட்டு எலும்பு மஜ்ஜை பாதித்து உயிரே போனவர்கள் உண்டு. அதனால் அம்மை காலண்டரில் ஞாயிறுதோறும் சிலுவைக் குறி போடுகிறாள். பக்கவிளைவைக் குறைக்கும் ஃபோலிக் ஆசிட் மாத்திரை வேறு நாளில். ஈரலும் ரத்த அணுக்களும் எப்படி இருக்கின்றன என்று குறித்த இடைவெளியில் ரத்தப் பரிசோதனை. மது கூடாது. கருத்தரிக்க நினைக்கும் பெண்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி நிறுத்தியாக வேண்டும். தொடர் இருமலோ மூச்சிரைப்போ வந்தால் உடனே காட்ட வேண்டும்.

இவ்வளவு எச்சரிக்கை இருந்தும் முடக்குவாதத்தில் நான் மெத்தோட்ரெக்சேட் பக்கம்தான். வலி மாத்திரை வலியை மட்டும் மறைக்கும், உள்ளே மூட்டு அரிபட்டுக்கொண்டே இருக்கும். மெத்தோட்ரெக்சேட் அந்தச் சேதத்தைக் கட்டுப்படுத்துகிறது; அதன் ஆபத்துகளில் பெரும்பாலானவை பரிசோதனையில் முன்கூட்டியே தெரிந்துவிடும். ஒரே குறை, பொறுமை வேண்டும். எட்டாவது வாரம்வரை அம்மைக்கு ஒன்றும் தெரியவில்லை, நிறுத்தப் பார்த்தாள். அப்புறம்தான் விரல் இளகியது.

இதிலும் கேட்காதவர்களுக்கு, எதிர்ப்புச் சக்தியின் குறிப்பிட்ட ஒரு பகுதியை மட்டும் அடக்கும் பயோலாஜிக் ஊசிகள் உண்டு. நல்ல பலன், விலை அதிகம். அடங்கிக் கிடக்கும் காசநோயைக் கிளப்பிவிடக்கூடும் என்பதால் முதலில் அதற்கான சோதனை செய்தாக வேண்டும்.

எண்ணெய், கஷாயத்தை நம் மாவட்டத்தில் விட முடியாது. கோட்டாற்றில் அரசு ஆயுர்வேதக் கல்லூரியே இருக்கிறது. அப்பா இரவில் கொட்டஞ்சுக்காதித் தைலம் தேய்த்தால் நன்றாகத் தூங்குகிறார். ஆனால் அம்மையின் வீங்கிய மணிக்கட்டை அழுத்தித் தேய்க்க நான் விடுவதில்லை. பஸ்பம், செந்தூரம் சாப்பிட்டால் அதையும் டாக்டரிடம் சொல்லச் சொல்கிறேன், ஈரலும் சிறுநீரகமும் அதையும் சேர்த்துத்தானே சுமக்கின்றன. பெயரில்லாத மாத்திரைப் பொட்டலம் மட்டும் எங்கள் வீட்டு நடையேறாது.