டைனீமா ஷ்ரவுட்: காலையில் ஒரு அளவு, மதியம் ஒரு அளவு

ராயபுரத்து நண்பர் ஒருத்தர் செகண்ட் ஹேண்டில் என்டர்பிரைஸ் என்ற சின்னப் பாய்ப்படகு வாங்கியிருக்கிறார். பாய்மரத்தை இரண்டு பக்கமும் பிடித்து நிற்கும் ஷ்ரவுட் கம்பியெல்லாம் துரு. "நீ டைனீமா கயிறுதானே போட்டிருக்கே, நானும் அதையே போட்டுடட்டுமா?" என்று கேட்கிறார். போனில் சொல்லி முடிகிற பதிலாக இருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன்.

டைனீமாவின் பெருமையைக் கடைக்காரரே பாடிவிடுவார். அதே பருமன் ஸ்டீல் கம்பியைவிட அதிக இழுவை தாங்கும், எடை சொற்பம், தண்ணீரில் போட்டால் மிதக்கும். அத்தனையும் நிஜம். அவர் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு: இந்தக் கயிறு சூட்டில் சுருங்கும்.

பாலித்தீனை நூலாக இழுத்து இழுத்து, மூலக்கூறுகளை எல்லாம் நீளவாக்கில் படிய வைத்துச் செய்த கயிறு இது. சூடேறினால் அவை பக்கவாட்டில் ஆடுகின்றன, நீளம் குறைகிறது. அலுமினியப் பாய்மரமோ சூட்டில் நீளும். ஒன்று ஏற, ஒன்று இறங்க, நடுவில் மாட்டிக்கொள்வது நாம். விடிகாலையில் சென்னை ஹார்பருக்குப் போனால் ஷ்ரவுட் இரண்டும் துணி காயப்போடும் கொடி மாதிரி தொங்கும். இழுத்துக் கட்டுவேன். மதியம் கடல்காற்று எழுந்து, ஓட்டுவதற்கு அருமையான நேரம் வரும்போது, கட்டிய கட்டு அளவு மீறி இறுகியிருக்கும். ஷ்ரவுடைப் படகோடு பிடிக்கும் செயின்பிளேட் தகடு கிறீச்சிடும். ஜிப் என்கிற முன்பாயின் முன்விளிம்பு காலையில் வைத்த மாதிரி நிற்காது. தளர்த்திக் கட்டினால் மறுநாள் காலை மறுபடியும் கொடி.

ஐந்து மீட்டர் நீளம், இருபது டிகிரி சூடு வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், பாய்மரம் இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நீள்கிறது, கயிறு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் குறைகிறது. கூட்டினால் மூன்றரை. ஸ்டீல் கம்பியாக இருந்தால் அதுவும் பாய்மரத்தோடு சேர்ந்து நீளும், வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. இதற்கு ராமானுஜன் தேவையில்லை. ஆனால் அவர் கிளார்க்காக வேலை பார்த்ததும் இதே துறைமுகத்தில்தான். அவருக்கு மேலே சேர்மனாக இருந்த பிரான்சிஸ் ஸ்பிரிங்தான் 1911-ல் இங்கே பாய்ப்படகு கிளப்பைத் தொடங்கியவர். அவர்கள் காலத்தில் நனைந்தால் இறுகும் கயிறு. நமக்கு வெயிலில் இறுகும் கயிறு வாய்த்திருக்கிறது.

காசிமேட்டில் எனக்கு ஸ்ப்ளைஸ், அதாவது முடிச்சில்லாமல் கயிற்று முனையைக் கயிற்றுக்குள்ளேயே செருகும் இணைப்பு, போட்டுக்கொடுத்த அண்ணனும் இதைத்தான் கேட்டார். "கவுறுன்னா நனைஞ்சா இறுகும், காஞ்சா தளரும். இது இன்னாப்பா வெயிலுக்குச் சுருங்குது?" முதலில் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு "நூலு மாதிரி கீது" என்று சிரித்தவர், இது முடிச்சில் நிற்காது, வழுக்கும், முடிச்சு போட்டால் பலமும் பாதியாகிவிடும் என்று நான் சொன்னதும் மறுபேச்சு பேசவில்லை. பின்னலுக்குள் வாலை விட்டு, கயிற்றுப் பருமனைப்போல் எழுபத்திரண்டு மடங்கு நீளம் புதைக்க வேண்டும். நாலு மில்லிமீட்டர் கயிற்றுக்கு ஏறக்குறைய முப்பது சென்டிமீட்டர். டிராலர் ரோப்பில் பழகிய அந்தக் கை போட்ட ஸ்ப்ளைஸ் இன்றைக்கும் ஒரு இழை நகரவில்லை. மொத்த வேலையிலும் எனக்கு நிறைவு தந்தது இது ஒன்றுதான் என்று சொல்ல வாய் வருகிறது. கோபத்தில் பேசக்கூடாது, நான் கழற்றிய பழைய கம்பி படுத்திய பாட்டையும் சொல்லியாக வேண்டும்.

கம்பி வெளியே பளபளவென்றுதான் இருந்தது. அழுகியது ஸ்வேஜுக்குள்ளே, அதாவது கம்பி முனையில் அழுத்தி மாட்டிய உலோகக் குழாய்க்குள்ளே. உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கித் தேங்கும், அங்கே காற்றுப் படாது, ஸ்டெயின்லெஸ் என்ற பெயர் அங்கே செல்லாது. ஒரு இழை அறுந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் உள்ளங்கை கிழியும். டைனீமா வந்தபின் அந்தத் தொல்லை இல்லை. அதில் எங்கே தேய்ந்தாலும் பஞ்சு பஞ்சாக எழும்பிக் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

பாயைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டேக்ரான் துணி நன்றாகவே இருந்தது, வெயிலில் செத்தது தையல் நூல்தான். தண்டையார்பேட்டையில் தார்ப்பாய் தைக்கிற ஒருவர் பாலியஸ்டர் நூலில் ஜிக்ஜாக் தையல் ஓட்டிக்கொடுத்தார். புதுப் பாய் வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்துபாருங்கள். மடிப்புகளில் இருந்த கறுப்பு மட்டும் போகவில்லை. 2011-ல் ஹைகோர்ட் சொல்லி நிலக்கரி இந்தத் துறைமுகத்தை விட்டுப் போனது, என் நீலப் பாயில் அது இன்னும் இருக்கிறது.

ஆகவே நண்பருக்கு என் பதில்: பாயை ஏற்றி இறக்கும் ஹேலியார்டுக்கு டைனீமா போடு, யோசிக்காதே. ஷ்ரவுடுக்குக் கம்பியே இருக்கட்டும். பந்தயத்தில் ஓட்டுவதாக இருந்தால் அந்தப் படகு வகைக்கான கிளாஸ் விதி கயிற்றை அனுமதிக்கிறதா என்று வேறு பார்க்க வேண்டும். "அப்ப நீ கழட்டிட்டுக் கம்பி போடப்போறியா?" என்று கேட்பார், தெரியும். மாட்டேன். காலையும் மதியமும் திட்டிக்கொண்டே கட்டுவேன், அந்த ஸ்ப்ளைஸை வெட்ட எனக்கு மனசு வராது.

வாங்கும்போது இரண்டு விஷயம். பழைய கம்பி ஹேலியார்டு ஓடிய ஷீவில், அதாவது கப்பிச் சக்கரத்தில், பிசிறு இருக்கும், அது டைனீமாவை அறுத்துவிடும், அதனால் ஹேலியார்டோடு ஷீவையும் மாற்று. ஷ்ரவுடுக்குக் கம்பி மடித்து அழுத்த மண்ணடிப் பக்கம் கொடுத்தால், ஸ்டெயின்லெஸ் கம்பிக்குச் அழுத்தி மாட்டும் குழல் செம்பு ஃபெரூல்தான் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடு. சும்மா விட்டால் கையில் இருக்கிற அலுமினியத்தைப் போட்டு அழுத்திவிடுவார்கள், உப்புத் தண்ணீரில் அது அரித்துப்போகும்.