ஒரு பல் தள்ளிய டைமிங் பெல்ட்: நகர்த்தி மாட்டுவதா, செட்டோடு மாற்றுவதா?

இரண்டையும் செய்து பார்த்தவன் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் செட்டோடு, அதாவது பெல்ட்டோடு அதைச் சேர்ந்த பாகங்களையும் மாற்றும் கட்சி. டைமிங் பெல்ட் என்பது கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) சுற்றும்போது கேமையும் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) சரியான தாளத்தில் சுற்ற வைக்கும் பல்லுள்ள பெல்ட்.

ஐட்லிங்கில் வண்டி நடுங்கியது, இழுவை இல்லை, ஸ்கேனர் போட்டால் பி0016 என்ற பிழைக் குறியீடு, அதாவது கிராங்க்கும் கேமும் ஒத்துப்போகவில்லை. கவரைக் கழற்றினால் கேம் புல்லியின் மார்க் சரியாக ஒரு பல் தள்ளி நிற்கிறது. ஒரு பல்தானே என்று தோன்றும். ஆனால் புல்லியில் 40 பல் என்றால் ஒரு பல்லுக்கு 9 டிகிரி, கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று வரும், ஆக கிராங்க் கணக்கில் 18 டிகிரி தவறு. வால்வும் பிஸ்டனும் இடித்துக்கொள்ளக்கூடிய வகை எஞ்சினில் இன்னும் ஓரிரு பல் தள்ளினால் வால்வு வளைந்துவிடும்.

நகர்த்தி மாட்டுவது சுலபம்: பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைத் தளர்த்தி, மார்க்கை நேராக்கி, அதே பெல்ட்டை மாட்டிவிடலாம். செலவே இல்லை. புது பெல்ட் போட்டு சில நாள்தான் ஆகிறது, மாட்டும்போதே பல் தப்பாக விழுந்திருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தால் இதுவே போதும்.

என் கதை அப்படி இல்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி. நானும் முதலில் நகர்த்தித்தான் மாட்டினேன், இரண்டே வாரத்தில் அதே நடுக்கம். சரியான இழுப்பில் இருக்கிற பெல்ட் தானாகப் பல் தாண்டாது, தாண்டியிருக்கிறது என்றால் எங்கோ தளர்ந்திருக்கிறது, அல்லது ஆயில் ஊறியிருக்கிறது. எனக்கு டென்ஷனர்தான். கையால் சுழற்றினால் மணல் அரைப்பது போல் சத்தம், ஸ்பிரிங்கிலும் பலமில்லை. அதை விட்டுவிட்டு மார்க்கை மட்டும் நேராக்கியது வீண் வேலை. பெல்ட், டென்ஷனர், ஐட்லர் (பெல்ட்டைப் பாதையில் தாங்கும் உருளை) எல்லாம் மாற்றினேன், பெல்ட்டாலேயே ஓடுவதால் வாட்டர் பம்பையும் கூடவே மாற்றினேன். அது பின்னால் ஒழுகினால் இவ்வளவையும் மறுபடி கழற்ற வேண்டுமே! ஆயில் ஒழுகாமல் தடுக்கும் கேம் சீல், கிராங்க் சீல் இரண்டையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

எந்த வழி என்றாலும் ஸ்டார்ட் செய்யும் முன் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, கிராங்க்கை அது ஓடும் திசையிலேயே கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, மார்க்கை மறுபடி பாருங்கள். நடுவில் எங்காவது முட்டினால் அழுத்தாமல் நிறுத்துங்கள். புது பெல்ட்டில் வரைந்திருக்கும் கோடுகள் இரண்டு சுற்றுக்குப் பின் பொருந்தாது, அதைப் பார்த்து நான் அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். புல்லி மார்க் பொருந்தினால் போதும். எல்லாம் சரியாக இருந்தும் நடுக்கம் போகவில்லையா, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உள்ள அழுத்தம்) பாருங்கள், வால்வு வளைந்திருக்கலாம்.

நான் கை வைத்தது ஒற்றை கேம் பெட்ரோல் எஞ்சினில் மட்டும்தான். இரட்டை கேம், வேரியபிள் வால்வு டைமிங் (வால்வு திறக்கும் நேரத்தை ஓட்டத்திலேயே மாற்றும் வசதி) உள்ளவற்றில் கேம்களைப் பூட்டிப் பிடிக்கும் டூல் இல்லாமல் நான் இறங்கமாட்டேன்.