யார் பேப்பர் போடப் போகிறார்கள்? ஸ்கோரா, சர்வேயா, நேரில் பேசுவதா

ஊழியர்களில் யார் வேலையை விடப் போகிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள எந்த வழி நல்லது? விலகிப் போகிறவரிடம் கடைசியில் காரணம் கேட்கும் எக்ஸிட் இன்டர்வியூவை முதலிலேயே தள்ளிவிடலாம். ரிலீவிங் லெட்டர் இன்னும் கைக்கு வராத நிலையில் "என் மேனேஜரால்தான் போகிறேன்" என்று யார் எழுதிக் கொடுப்பார்கள்? 'சொந்தக் காரணம்' என்று எழுதிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

சர்வே கொஞ்சம் பரவாயில்லை. எந்தத் துறையில் புகைகிறது என்று காட்டும். ஆனால் பெயர் கேட்க மாட்டோம் என்று சொல்லிவிட்டு டீம், வயது, அனுபவம் மூன்றையும் கேட்டால், ஆறு பேர் இருக்கும் டீமில் எழுதியது யார் என்று மேனேஜருக்குத் தெரியாதா என்ன?

அடுத்து, யார் விலகுவார்கள் என்று ஒவ்வொருவருக்கும் ஸ்கோர் போட்டுக் கணிக்கும், எல்லோரும் இப்போது வாங்கத் துடிக்கும் சாஃப்ட்வேர். ஹெச்பி நிறுவனம் பத்தாண்டுக்கு முன்பே தன் 3 லட்சத்துக்கும் அதிகமான ஊழியர்களுக்கு 'ஃப்ளைட் ரிஸ்க்' (வேலையை விட்டுப் போகும் வாய்ப்பு) ஸ்கோர் போட்டுப் பார்த்தது. 2019இல் ஐபிஎம் தலைவர் ஜினி ரொமெட்டி, யார் விலகுவார்கள் என்பதை 95 சதவீதம் சரியாகக் கணிக்கிறோம் என்றார். இந்த சதவீதக் கணக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஐபிஎம்மே பயிற்சிக்காக வெளியிட்ட கற்பனை டேட்டா ஒன்று உண்டு: 1,470 பேர், அதில் விலகியவர்கள் 237. 'ஒருவரும் போக மாட்டார்' என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 84 சதவீதம் சரியாகிவிடும், ஆனால் போகிறவர்களில் ஒருவரைக்கூடக் கண்டுபிடித்திருக்க மாட்டோம். அதனால் விற்க வருபவரிடம், போனவர்களில் எத்தனை பேரை முன்கூட்டியே சொன்னீர்கள், நீங்கள் சொன்னவர்களில் எத்தனை பேர் போகவே இல்லை, இந்த இரண்டையும் கேளுங்கள். அதே டேட்டாவில் ஓவர்டைம் பார்த்த 416 பேரில் 127 பேர் விலகியிருக்கிறார்கள், பார்க்காதவர்களில் பத்துக்கு ஒருவர்தான். இதைப் பார்க்க எக்செல்லே போதும்.

என் ஓட்டு நேரில் பேசுவதற்குத்தான், அதாவது ஸ்டே இன்டர்வியூ. அப்ரைசலோடு சேர்க்காமல் தனியாக உட்கார்ந்து, "வேறு ஆஃபர் வந்தால் எதற்காகப் போவீர்கள்?" என்று நேராகக் கேட்பது. மேனேஜரே பிரச்சினையாக இருக்கலாம், அதனால் அவருக்கு மேலே இருப்பவர் கேட்பது நல்லது. சொன்னதில் ஒன்றையாவது அடுத்த மாதத்துக்குள் செய்து காட்ட வேண்டும், இல்லையென்றால் மறுமுறை "எல்லாம் நல்லா இருக்கு சார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

நூறு இருநூறு பேர் உள்ள கம்பெனிக்கு இதுவே போதும். பல்லாயிரம் பேர் என்றால் ஸ்கோர் தேவைப்படும், சரி, ஆனால் துறை அளவில் மட்டும் பாருங்கள். தனி ஆளின் ஸ்கோர் டீம் மேனேஜர் கைக்குப் போனால், "இவன் எப்படியும் போகப்போகிறவன்" என்று ஆன்சைட்டும் பிரமோஷனும் அடுத்தவருக்குப் போய்விடும், போக நினைக்காத ஆளும் ரெஸ்யூமே அனுப்ப ஆரம்பித்துவிடுவார்.